ஏற்பூசிக் கணக்கில் விடுபட்டவர்கள்

ஹல்துமுல்லை, கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டங்களில், 60 வயதில் ஓய்வு பெற்று ஈ.பி.எப். காசை வாங்கிய பிறகும் பெரியவர்கள் சும்மா இருப்பதில்லை. கைக்காசுக்கு மரக்கறித் தோட்டத்தில் மாட்டெரு அள்ளுகிறார்கள். அடுப்புக்குக் கவ்வாத்து மிலாறு பொறுக்குகிறார்கள். வெறுங்காலில் மிலாறு குத்தினால் கோப்பித்தூளை அமுக்கி, பழைய சீலைத் துணியால் கட்டிக்கொண்டு மறுநாளும் போகிறார்கள். ஏற்பு வலிக் கிருமியின் வித்துகள் கிடப்பது அந்த மண்ணிலும் சாணத்திலும்தான்.

இலங்கையில் ஏற்பு வலியையும் தடுக்கும் முத்தடுப்பூசி 1961இல் வந்தது. கர்ப்பிணிகளுக்கு ஏற்பூசி 1969இல் தொடங்கியது. தோட்டங்களுக்கு அரச சுகாதார சேவை இன்னும் பிந்தியே வந்தது. ஆகவே இன்று எழுபதைத் தாண்டிய ஆண்களில் பலருக்குக் குழந்தைப் பருவத்து ஊசி எதுவும் கிடைத்திருக்க வாய்ப்பில்லை. பிள்ளை பெற்ற பெண்களுக்காவது மிட்வைஃப் போட்ட ஊசி இருக்கலாம். கத்தியும் மண்வெட்டியுமாக வாழ்ந்த ஆணை யாரும் கூப்பிட்டு ஊசி போடவில்லை.

"காலில் வெட்டினப்ப ஒரு ஊசி போட்டாங்களே" என்பார்கள். அந்த ஒன்று போதாது. முன்பு ஊசியே போடாதவருக்கு முதல் ஊசி உடனே பாதுகாப்புத் தருவதில்லை. நான்கு வாரம் கழித்து இரண்டாவது, ஆறு மாதத்துக்கும் மேலே கழித்து மூன்றாவது போட்டால்தான் அடித்தளம் விழும். அதுவும் வருடங்கள் போகப் போகத் தேயும். அமெரிக்காவில் 1988 முதல் 1991 வரை நடந்த ஆய்வில், 70 வயதைத் தாண்டியவர்களில் 27.8 சதவீதத்தினருக்கு மட்டுமே போதிய எதிர்ப்புச் சக்தி இருந்தது. வசதியுள்ள நாட்டிலேயே இப்படி.

இந்த நோய் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. அதனால் பேரப் பிள்ளைக்குப் போட்ட ஊசி, அதே லயத்துக் காம்பிராவில் கிடக்கும் தாத்தாவைக் காக்காது. ஒருமுறை நோய் வந்து பிழைத்தவருக்குக்கூட எதிர்ப்புச் சக்தி வருவதில்லை. அவரவருக்கு அவரவர் ஊசிதான்.

மண்சரிவு நாட்டில் இது இன்னும் பெரிய கவலை. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சேயில் 106 பேருக்கு ஏற்பு வலி வந்து 20 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் வளர்ந்தவர்கள். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மலையே இறங்கி வந்ததைக் கண்ட பிரதேசம் இது. சேற்றையும் தகரத்தையும் கிளறி ஆட்களைத் தேடும்போது யார் காலில் என்ன கிழிக்கும் என்று சொல்ல முடியாது. ஊசியை அன்றைக்குத் தேடுவது காலம் கடந்த வேலை.

செய்ய வேண்டியது கடினமும் இல்லை. பிரஷருக்கும் சீனி வியாதிக்கும் மாதா மாதம் இதே பெரியவர்கள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வருகிறார்கள். மருந்து எழுதும் அதே நாளில் ஏற்பூசியையும் போடலாம். சீனி வியாதிக்காரரின் ஆறாத கால் புண் எப்படியும் அங்கே காட்டப்படுகிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை அந்தக் கொப்பியில் மூன்று ஊசிக்கும் இடம் ஒதுக்கி, வராதவர்களை லயம் லயமாகத் தேடிப் போக வேண்டும். ஆண்களிலிருந்து தொடங்கட்டும்.