வராத பிள்ளைகளையும் சேர்த்தே எண்ணுவோம்

மாலைநேரக் கற்றல் மையங்களிலிருந்து நமக்கு வரும் மதிப்பீட்டு அறிக்கைகளில் பல ஒரே கணக்கில் நிற்கின்றன: தொடக்கத்தில் இத்தனை பேர் வாசித்தார்கள், இப்போது இத்தனை பேர் வாசிக்கிறார்கள். இடைப்பட்ட ஏற்றம் முழுவதையும் மையத்தின் பலன் என்று எழுதிவிடுகிறோம். அப்படி எழுதக் கூடாது என்பதற்குச் சான்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது.

2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. பள்ளி விட்ட பிறகு, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில், உள்ளூர்த் தன்னார்வலர்களே பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய ஆய்வாளர்கள் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளின் கற்றலை வீட்டுக்கே போய்ச் சோதித்தார்கள். கொரோனா காலத்தில் இழந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களில் மீண்டிருந்தது. அந்த மீட்சியில் இத்திட்டத்தின் பங்கு 24 சதவீதம் என்று கணித்தார்கள். அதே மாதங்களில் ஒரு மையம் தன்னிடம் வந்த குழந்தைகளை மட்டும் முன்னும் பின்னும் சோதித்திருந்தால், மீட்சி மொத்தத்தையும் தன் பெயரில் எழுதிக்கொண்டிருக்கும். இவ்வளவு குறைந்த செலவில் 24 சதவீதம் பெரிய சாதனை. அதை நாம் நம்ப முடிவது, மையத்துக்கு வராத குழந்தைகளையும் அதே சோதனைக்கு உட்படுத்தியதால்தான்.

உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்து அனுபவம் இதைவிடக் கடுமையானது. அங்கே பிரதம் அமைப்பின் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் மாலையில் வாசிப்பு முகாம் நடத்தினார்கள். வந்த குழந்தைகள் நன்றாகவே தேறினார்கள். ஆனால் 2010இல் வெளியான ஆய்வின்படி, அந்த ஊர்களின் குழந்தைகளில் முகாமுக்கு வந்தவர்கள் 8 சதவீதம்தான். வருகைப் பதிவேட்டை மட்டும் புரட்டினால் இந்த எண் கண்ணில் படாது.

வராதவர் யார் என்று தெருத்தெருவாகக் கேட்டால்தான் தெரியும். ஆடு ஓட்டிக்கொண்டு திரும்ப இருட்டிவிடும் பையன். தம்பியை இடுப்பில் வைத்திருக்கும் அக்கா. மையம் ஊர்த்தெருவில் இருப்பதாலேயே வரத் தயங்கும் காலனிப் பிள்ளைகள். இந்தக் கடைசிக் காரணத்தை அறிக்கையில் எழுத நம்மில் பலர் கூசுகிறோம். எழுதியே ஆக வேண்டும். மையத்தை எங்கே வைப்பது என்ற முடிவு, பாடத்திட்டத்தைவிடப் பல ஊர்களில் முக்கியமானது.

சோதிக்கும் முறையிலும் கவனம் தேவை. பாடநூல் பத்தியைக் கொடுத்தால் குழந்தை கடகடவென்று ஒப்பித்துவிடும். விரலைப் பாருங்கள்: வாய் நான்காம் வரியில் இருக்கும்போது விரல் இரண்டாம் வரியிலேயே நிற்கும். அதனால் குழந்தை முன்பு பார்த்திராத பத்தி வேண்டும். ஒவ்வொரு குழந்தையாகத் தனியே உட்கார்த்திக் கேட்க வேண்டும். கேட்பவர் அதே மையத்தின் தன்னார்வலராக இருக்கக் கூடாது. தான் வளர்த்த பிள்ளை திக்கும்போது எடுத்துக்கொடுக்காமல் இருக்க யாராலும் முடியாது.

அடுத்த இதழ் முதல் அறிக்கை அனுப்பும் நண்பர்கள், மையம் இருக்கும் ஊரில் அந்த வயதுக் குழந்தைகள் மொத்தம் எத்தனை பேர், அவர்களில் வந்தவர்கள் எத்தனை பேர் என்பதை முதல் பத்தியிலேயே தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.