ராணியைப் பறிகொடுத்த ராஜா

சேர நாட்டு ராஜா ஒருவன். மாக்கோதை என்பது அவன் பெயர். அவனுடைய ராணி இறந்துபோனாள்.

கள்ளி முளைத்த களர் நிலம். சுற்றிலும் வெட்டவெளி. அங்கே விறகு அடுக்கி, அவளைக் கிடத்தித் தீ மூட்டினார்கள்.

ராஜா ஒரு பாட்டுப் பாடினான். ஏழே வரிகள்! புறநானூற்றில் 245-வது பாட்டு அது. சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. ஏட்டுச்சுவடியில் கிடந்த புறநானூற்றை உ.வே.சாமிநாதையர் 1894-ல் அச்சிட்டார்.

"என் துக்கம் பெரிது என்கிறார்கள். பெரிதுதான். ஆனாலும் என் உயிரைப் போக்கும் பலம் அதற்கு இல்லையே! அவள் நெருப்பையே மெத்தையாக்கிப் படுத்துவிட்டாள். நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன். இது என்ன இயல்பு?" இதுதான் அவன் கேட்பதன் கருத்து.

அவள் அழகை அவன் வர்ணிக்கவில்லை. பெயரைக்கூடச் சொல்லவில்லை. விதியைத் திட்டவில்லை. உயிரோடு இருப்பதற்காக வெட்கப்படுகிறான். அவ்வளவுதான்!

மனைவியைப் புதைத்துவிட்டு வந்தவனுக்கும் மறுநாள் பசிக்கிறது. தூக்கம் வருகிறது. "எனக்கு எப்படிச் சோறு இறங்குகிறது?" என்று அவன் தன்னையே நொந்துகொள்கிறான். வெளியே சொல்லமாட்டான். ஆண்பிள்ளை அல்லவா! நாடாண்ட ராஜாவோ அதை ஊரறியச் சொல்லிவிட்டான்.

புறநானூற்றைத் தொகுத்தவர் யாரோ, பெரிய கெட்டிக்காரர். இந்தப் பாட்டுக்கு அடுத்தாற்போல் ஒரு ராணியின் பாட்டை வைத்திருக்கிறார்.

அவள் பாண்டிய நாட்டு ராணி. பெயர் பெருங்கோப்பெண்டு. கணவன் பூதப்பாண்டியன். அவனும் பாட்டுப் பாடியவன்தான். போருக்கு முன் ஒரு சபதம் செய்தான். "பகைவரை ஓடச் செய்யாவிட்டால், மை தீட்டிய பெரிய கண்களை உடைய இவளை நான் பிரிவேனாக!" என்ற பொருளில் பாடினான். அவனுக்குத் தெரிந்த பெரிய தண்டனை அதுதான்! அது 71-வது பாட்டு.

அந்தப் பூதப்பாண்டியன் இறந்தான். ராணி தீயில் இறங்கப் புறப்பட்டாள். சான்றோர்கள் தடுத்தார்கள்.

அவளுக்குக் கோபம் வந்தது. "போ என்று சொல்லாமல் தடுக்கிறீர்களே, இது பொல்லாத யோசனை!" என்றாள். அதோடு நிற்கவில்லை. விதவையின் சாப்பாட்டை எடுத்துச் சொன்னாள். நெய் கிடையாது. பிழிந்தெடுத்த நீர்ச்சோறு. எள்ளுத் துவையல். புளி விட்டு வேகவைத்த வேளைக் கீரை. படுக்கவோ பருக்கைக் கல்! பாய்கூட இல்லை.

"உங்களுக்குச் சுடுகாடு பயங்கரமாக இருக்கலாம். என் கணவர் போன பிறகு, தாமரைக் குளமும் நெருப்பும் எனக்கு ஒன்றே" என்று முடித்தாள். அவள் தீயில் இறங்கினாள் என்று பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது.

பதிவிரதை என்று அவளைப் புகழ்வார்கள். பாட்டைப் படித்தவர்கள் அந்த நீர்ச்சோற்றை மறக்க முடியுமா? கணவன் மேல் இருந்த அன்பு ஒரு பக்கம். கல் படுக்கை மறு பக்கம். இரண்டையும் ஒரே மூச்சில் அவளே சொல்கிறாள். அன்பு ஒன்றே அவளைத் தள்ளியது என்பவர்கள் பாட்டில் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள்.

உடன்கட்டை ஏறுவதை 1829-ல் வங்காளத்தில் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பிற மாகாணங்களிலும் தடை வந்தது. நெருப்பு அணைந்தது. ஆனால், நெய் இல்லாத சோறும் வெறுந்தரைப் படுக்கையும் அதன் பிறகும் பல வீடுகளில் நெடுங்காலம் இருந்தன.

மாக்கோதைக்கு யாரும் கல் படுக்கை போடவில்லை. கீரை வேகவைத்துத் தரவில்லை. "ஏன் இன்னும் இருக்கிறாய்?" என்று ஊரில் ஒருவர்கூட அவனைக் கேட்டதாகப் பாட்டில் இல்லை. அந்தக் கேள்வியை அவனே கேட்டுக்கொண்டான்.