அளவுகோலில் அகப்படாத பிள்ளைகள்

போன மாதம் ஒரு தாய் தம் மகளை அழைத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வந்தார். சாதிச் சான்றிதழுக்கு மனு எழுத வேண்டும். பிள்ளை ஆறாம் வகுப்பு, தமிழ்வழி. மனு எழுதி முடிக்கும் வரை சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று, அலமாரியில் கிடந்த இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலை எடுத்துக் கொடுத்து, "ஒரு பக்கம் வாசி தாயி" என்றோம். பிள்ளை எழுத்துக் கூட்டினாள். ஒவ்வோர் எழுத்தும் தெரிகிறது; ஆனால் எழுத்துகள் சேர்ந்து சொல்லாகவில்லை. நான்காவது வரியில் நின்றுவிட்டாள். தாயின் முகம் சுண்டிவிட்டது.

"அண்ணாச்சி, கார்டுல எல்லாத்துக்கும் நல்லாத்தானே போட்டிருக்காங்க?"

போட்டுத்தான் இருந்தார்கள். மதிப்பெண் அட்டையை நாமும் பார்த்தோம். மொழிப் பாடத்தில் நல்ல கிரேடு. ஒழுக்கத்தில் அதைவிட நல்ல கிரேடு. அந்த ஆசிரியரைக் குறை சொல்லி இந்தப் பக்கத்தை நிரப்ப நமக்கு விருப்பமில்லை. அவர் கையில் எத்தனை வகுப்பு, எத்தனை பிள்ளை, எத்தனை அரசாங்கக் கணக்கெடுப்பு வேலை என்பதை நாம் அறிவோம். ஆனால் அந்தத் தாயின் கேள்வியை அப்படியே விட்டுவிட முடியாது. பிள்ளை கற்றதை யார் அளக்கிறார்கள்? அளந்ததை யாரிடம் சொல்கிறார்கள்? அந்தக் கணக்கில் நம் பிள்ளைகள் இருக்கிறார்களா?

அளப்பவர்களுக்குக் குறைவில்லை, தோழர்களே. தேசிய அடைவு ஆய்வு என்று ஒன்றை என்.சி.இ.ஆர்.டி. நிறுவனம் பல சுற்றுகளாக நடத்தி வந்தது. 2021 நவம்பர் 12 ஆம் நாள் நடந்த சுற்றில் 720 மாவட்டங்களில், சுமார் 1.18 இலட்சம் பள்ளிகளில், 34 இலட்சம் பிள்ளைகள் 22 மொழிகளில் எழுதினார்கள். கணிதத்தில் தேசிய சராசரி, 500க்கு, மூன்றாம் வகுப்பில் 306, ஐந்தில் 284, எட்டில் 255, பத்தில் 220. வகுப்புக்கு வகுப்பு வினாத்தாள் வேறு என்றாலும், ஏணியில் ஏற ஏறப் பிள்ளை கீழே இறங்குவதைக் காண இந்த நான்கு எண்கள் போதும். பிறகு 2024 டிசம்பர் 4 ஆம் நாள், பராக் என்ற புதிய பெயரில் மூன்று, ஆறு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு ஆய்வு நடந்தது. அதன் அறிக்கை 2025 ஜூலையில் வெளிவந்தது. 99 வரையுள்ள எண்களை ஏறுவரிசையிலும் இறங்குவரிசையிலும் அடுக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 55 விழுக்காடு. பத்தாம் வாய்பாடு வரை தெரிந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 53 விழுக்காடு. மீதிப் பாதிப் பிள்ளைகள் அடுத்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த எண்களே மோசம். ஆனால் இவையும் கொஞ்சம் மெழுகு பூசியவையோ என்ற ஐயம் உண்டு. இரயில்வேயில் வேலை பார்க்கிறவனுக்கு ஒரு சங்கதி தெரியும். வண்டி கடைசி நிலையத்தை நெருங்கும் இடத்தில், ஓட்டத்துக்குத் தேவையானதைவிடக் கூடுதல் நிமிடங்களைக் கால அட்டவணையிலேயே சேர்த்து வைத்திருப்பார்கள். வழியில் அரைமணி தாமதமான வண்டியும் முடிவில் 'சரியான நேரம்' என்று பதிவேட்டில் ஏறிவிடும். நடுவழி நிலையத்தில் கைக்குழந்தையோடு காத்துக் கிடந்தவளின் அரைமணி எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பள்ளிக்குள்ளேயே, முன்கூட்டியே அறிவித்த நாளில், அந்த மாநிலத்துக்கு நல்ல பெயர் வாங்கித்தர வேண்டிய அதிகாரிகளின் ஏற்பாட்டில் நடக்கும் தேர்வுக்கும் இந்த ஆபத்து உண்டு. மத்தியப் பிரதேசத்தில் அரசு நடத்திய ஒரு தேர்வின் அதே கேள்விகளை, அதே பிள்ளைகளிடம், ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கண்காணிப்பில் மறுபடி கொடுத்துப் பார்த்தார்கள், மதிப்பெண் சரிந்துவிட்டது. 2017 ஆம் ஆண்டு தேசிய ஆய்வில் மாநிலங்கள் பெற்ற சராசரியை வேறு கணக்கெடுப்புகளோடு ஒப்பிட்டவர்களும், அரசின் எண்கள் நம்ப முடியாத அளவுக்கு உயர்ந்து நிற்கின்றன என்றே எழுதினார்கள்.

வேறு கணக்கெடுப்பு என்றது 'அசர்' என்னும் ஆண்டறிக்கையைத்தான். பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் நடத்துவது. இதன் முறை நமக்குப் பிடித்தமானது, ஏனென்றால் இவர்கள் பள்ளிக்குப் போவதில்லை, வீட்டுக்கு வருகிறார்கள். ஒரு மாவட்டத்துக்கு 30 கிராமம், ஒரு கிராமத்துக்கு 20 வீடு. பிள்ளை பள்ளிக்குப் போனாலும் போகாவிட்டாலும் வாசலில் உட்கார வைத்து ஒரு தாளைக் கொடுக்கிறார்கள். எழுத்து, சொல், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை. கணக்கில் எண் தெரிகிறதா, கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறதா, மூன்றிலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுக்கத் தெரிகிறதா. அவ்வளவுதான். இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசித்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018 இல் 27.3 விழுக்காடு, பள்ளிகள் மூடிக்கிடந்த கொரோனாக் காலத்துக்குப் பின் 2022 இல் 20.5, 2024 இல் மறுபடி 27.1. நான்கில் மூன்று பிள்ளைகளுக்கு முந்தைய வகுப்புப் புத்தகம் வாசிக்க வரவில்லை என்பது இதன் பொருள். அந்தத் தாயின் மகள் தனி ஆள் இல்லை.

ஆனால் அசர் கிராமங்களுக்கு மட்டும்தான். நாம் இருக்கும் சால்களுக்கும் சேரிகளுக்கும் அந்தத் தாள் வருவதில்லை.

இனி உலகக் கணக்கு. பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு என்ற நாடுகளின் கூட்டமைப்பு மூன்றாண்டுக்கு ஒருமுறை 'பிசா' என்ற தேர்வை 15 வயதுப் பிள்ளைகளுக்கு நடத்தி வந்தது. 2009 ஆம் ஆண்டுச் சுற்றின் தொடர்ச்சியாக இந்தியாவிலிருந்து இரண்டு மாநிலங்கள் கலந்துகொண்டன. ஒன்று இமாச்சலப் பிரதேசம். மற்றொன்று நம் தாய்த் தமிழ்நாடு. படிப்பில் முன்னே நிற்கும் மாநிலங்கள் என்று நம்பித்தான் அனுப்பினார்கள். 2011 டிசம்பரில் முடிவு வந்தது. 74 நாடுகளும் பகுதிகளும் கொண்ட பட்டியலில், வாசிப்பிலும் கணிதத்திலும் தமிழ்நாடு 72, இமாச்சலம் 73. நமக்குக் கீழே கிர்கிஸ்தான் ஒன்றே. வாசிப்பில் தமிழ்நாட்டின் சராசரி 337. அந்த அமைப்பின் நாடுகளுடைய சராசரி 493. வாழ்க்கைக்கு அடிப்படையாக வேண்டிய வாசிப்புத்திறன் என்று அவர்கள் வைத்த கோட்டைத் தாண்டிய தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 17 விழுக்காடு.

டெல்லி என்ன செய்தது? கேள்விகள் நம் பிள்ளைகளின் சமூக, பண்பாட்டுச் சூழலுக்கு ஒட்டாதவை என்று சொல்லி விலகிக்கொண்டது. 2012, 2015, 2018 சுற்றுகளில் இந்தியா இல்லை. அந்தக் காரணத்தில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஐரோப்பியப் பிள்ளைக்குப் பழகிய பண்டமும் பழக்கமும் நம் பிள்ளைக்குப் புதிராக இருக்கலாம். ஆனால் அந்தத் தேர்வு பாடப்புத்தகத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்வதில்லை. ஓர் அறிவிப்பு, ஓர் அட்டவணை, ஒரு வரைபடம் இவற்றைக் கொடுத்து, இதிலிருந்து உனக்கு என்ன தெரிகிறது என்று கேட்கிறது. இது அந்நியப் பண்பாடா? முன்பதிவு ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்த காலத்தில், பத்தாவது தேறிய எத்தனையோ பிள்ளைகள் படிவத்தை நீட்டி "சார், நீங்களே நிரப்பிக் குடுத்துருங்க" என்று கேட்டதைப் பார்த்தவன் இதை எழுதுகிறான். காய்ச்சல் அதிகம் காட்டுகிறது என்பதற்காக வெப்பமானியை உடைத்த கதையாகிவிட்டது. 2019 இல் மறுபடி சேர ஒப்பந்தம் போட்டார்கள். எந்தப் பள்ளிகளை அனுப்ப? கேந்திரிய வித்யாலயா, நவோதயா வித்யாலயா, சண்டிகர் ஒன்றியப் பகுதி. நவோதயா என்பது நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளை எடுக்கும் பள்ளி! கொரோனா வந்தது, அதுவும் நடக்கவில்லை, 2022 சுற்றிலும் இந்தியா இல்லை.

அந்த 2009 பட்டியலில் முதலிடம் சீனாவின் ஷாங்காய் நகரம். 2012 இலும் அதுவே. உலகமே வியந்தது. அதன் பின்தான் ஒரு கேள்வி எழுந்தது. சீனாவில் குடியிருப்புப் பதிவு முறை ஒன்று உண்டு. கிராமத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளியின் பதிவு பெரும்பாலும் கிராமத்திலேயே இருக்கும். அவன் பிள்ளை நகரத்தில் மேல்நிலைப் பள்ளியில் சேர்வது கடினம். பலர் அந்தப் பருவத்தில் சொந்தக் கிராமத்துக்கே திரும்பிவிடுவார்கள். தேர்வு எழுதும் வயதோ 15. ஷாங்காயின் கட்டடங்களைக் கட்டியவன் பிள்ளை ஷாங்காயின் மதிப்பெண்ணில் இல்லை. கடைசி இடத்தருகே நின்ற நாம் மட்டுமல்ல, முதலிடத்தில் நின்றவர்களும் இந்தப் பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இங்கே திரும்பி வருவோம். நம் நாட்டு ஆய்வு நாட்களை ஒருமுறை பாருங்கள். 2017 இல் நவம்பர் 13. 2021 இல் நவம்பர் 12. 2024 இல் டிசம்பர் 4. மராட்டியத்தின் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டப் புறப்படும் குடும்பங்கள் அக்டோபர், நவம்பரில் போனால் மார்ச், ஏப்ரலில்தான் திரும்புகின்றன. ஒடிசாவின் பலாங்கீர் பக்கத்திலிருந்து செங்கல் சூளைக்குப் போகிறவர்களுக்கும் ஏறக்குறைய அதே பருவம். தேர்வு நடக்கும் காலையில் அந்தப் பிள்ளை கரும்புத் தோட்டத்தில் தம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஊர்ப் பள்ளியில் பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. போன ஊரில் ஆள் இருக்கிறது, பெயர் இல்லை. யாரோ திட்டமிட்டு நாள் குறித்ததாக நாம் குற்றம் சாட்டவில்லை. நாள் குறித்தவர்களின் மனதில் இந்தப் பிள்ளை வரவேயில்லை, அவ்வளவுதான்.

நம்மில் பலர் அப்படிப் பருவத்துக்குப் பருவம் போகிறவர்கள் அல்ல. இரண்டு மூன்று தலைமுறையாக இங்கேயே வேர் விட்டவர்கள். நம் பிள்ளைக்குப் பள்ளியில் பெயர் உண்டு. மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது என்பதில் நமக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அறிக்கை மாநிலவாரியாக, மாவட்டவாரியாக, ஆண் பெண் என்று, நகரம் கிராமம் என்று பிரித்துச் சொல்கிறதே தவிர, வேற்று மாநிலத்தில் தாய்மொழியில் படிக்கும் பிள்ளைக்கு எவ்வளவு வந்திருக்கிறது என்று நம்மிடம் யாரும் பிரித்துச் சொன்னதில்லை. மாநிலத்தின் சராசரியில் நம் பிள்ளை கரைந்துவிடுகிறது. தமிழ்ப் பள்ளியில் படிப்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு, வயிற்றைக் கட்டி, தெருமுனை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கிறோம். அங்கே ஆங்கிலம் வந்ததா என்பதற்கும் கணக்கில்லை. தமிழ் போனதற்கும் கணக்கில்லை. இப்படிச் செவிவழிச் செய்தியை நம்பிப் பிள்ளைகளை மாற்றுவதால் தமிழ்ப் பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது. எண்ணிக்கை குறைந்தால் பள்ளியை மூடுவதற்கு மட்டும் எண் சரியாகக் கிடைத்துவிடுகிறது.

ஆகவே நாம் கேட்பது தேர்வை நிறுத்து என்றல்ல. இன்னும் நேர்மையாக அள என்கிறோம். அளக்கும் வேலையை, அதன் முடிவால் பெயர் வாங்கவோ இழக்கவோ போகாதவர்களிடம் கொடு. நாளைக் குறிக்கும்போது கரும்புக்கும் சூளைக்கும் போகும் மாதங்களைத் தள்ளி வை, இல்லையேல் சூளைக்கே போய் அள. பயிற்றுமொழி வாரியாக முடிவைப் பிரித்து, அந்தந்த மொழியிலேயே பெற்றோருக்குச் சொல். முடிவைக் கொண்டு ஆசிரியரின் சம்பளத்தில் கை வைப்பது, பள்ளியைப் பூட்டுவது என்று கிளம்பினால், அடுத்த ஆண்டு எல்லாப் பிள்ளையும் எல்லாக் கேள்விக்கும் சரியான விடை எழுதியிருக்கும். வாசிக்க மட்டும் வராது.

இதற்கெல்லாம் மனு போகும். மனு போய்ச் சேரும் வேகமும் நமக்குத் தெரியும். அதற்குள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசு, மாநகராட்சிப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும்; அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். உங்கள் பள்ளியின் குழுவில் யார் யார் என்று கேளுங்கள். உங்கள் பெயரே அதில் இருந்தாலும் வியப்படைய வேண்டாம். கையெழுத்து வாங்கியது எதற்கென்று பலருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த கூட்டத்தில் போய், இந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு வாசிக்க வருகிறது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் மாற்றுச் சான்றிதழ் இல்லையென்று தயங்க வேண்டாம். அது வரத் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 5 ஆம் பிரிவு சொல்கிறது.

அந்தப் பிள்ளை இப்போது மாலையில் சங்க அலுவலகத்துக்கு வருகிறாள். அதே புத்தகத்தில் இப்போது பதினோராம் பக்கம். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு இரண்டாம் வகுப்புப் பாடம் ஒரு பக்கமும், கழித்தல் வகுத்தல் நான்கு கணக்கும் கொண்ட தாள் அங்கே தயாராக இருக்கும். ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அழைத்து வாருங்கள். எந்தப் பள்ளி, எந்த மொழி என்ற பேதமில்லை. அங்கே மதிப்பெண் போடமாட்டோம், பிள்ளையின் பெயரைப் பலகையில் எழுதமாட்டோம். தாய்மார்கள் கட்டாயம் உடன் இருக்க வேண்டும். எனக்கு எழுத்துத் தெரியாதே என்று யாரும் பின்வாங்க வேண்டாம். பிள்ளை வாசிக்கிறதா, தடுமாறுகிறதா என்பது காதுக்கே தெரியும்.