சின்னஞ்சிறு சொற்கள்



ஆங்கிலத்தில் நீண்ட நீண்ட சொற்களையெல்லாம் மனப்பாடம் செய்துவிடும் நம் பிள்ளைகள், 'இன்', 'ஆன்', 'அட்' என்னும் ஈரெழுத்துச் சொற்களிடம் தோற்றுப்போகின்றனர். தேர்வில் மதிப்பெண் குறைவது ஒருபுறம் இருக்கட்டும். வேலைக்கான நேர்காணலில், விடை தெரிந்திருந்தும், எந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று அஞ்சி வாய்மூடி நிற்கிறார்களே, அதுவன்றோ வருந்தத்தக்கது! குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைக்கு இவ்வச்சம் இன்னும் மிகுதி.

இஃது அறிவுக் குறைவன்று. தாய்மொழியின் வழக்கம் பிறமொழியிலும் தொடர்ந்து வருவதால் நேர்வது. தமிழில் வேற்றுமை உருபு பெயரின் பின்னே ஒட்டி வரும். ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் பெயருக்கு முன்னே தனித்து நிற்கும். அதனினும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. நம் 'இல்' என்னும் ஓர் உருபின் வேலையை ஆங்கிலத்தில் பல சொற்கள் பங்கிட்டுக்கொள்கின்றன.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குச் செல்லும் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். விழுப்புரத்தில் வசிக்கிறோம் என்னும்போது ஊர் நம்மைச் சூழ்ந்திருக்கிறது. ஆகவே 'இன் விழுப்புரம்'. வண்டி திண்டிவனத்தில் நிற்கும் என்னும்போது அவ்வூர் வழியிலுள்ள ஒரு புள்ளி. ஆகவே 'அட் திண்டிவனம்'. இரயிலில் அமர்ந்திருந்தால் 'ஆன் தி டிரெயின்'. காரில் என்றால் 'இன் எ கார்'. இரயிலில் வந்தோம் என்று பயண வகையைச் சொன்னால் 'பை டிரெயின்'. தமிழில் எல்லாவற்றுக்கும் 'இல்' ஒன்றே போதும். நாம் நாள்தோறும் செபிக்கும் ஆண்டவர் கற்பித்த செபத்திலும் விண்ணுலகு, மண்ணுலகு இரண்டும் 'இல்' உருபையே ஏற்கின்றன. ஆங்கிலத்திலோ விண்ணுக்கு 'இன்', மண்ணுக்கு 'ஆன்'.

வேண்டாத இடத்தில் சேர்ப்பதும் உண்டு. 'திண்டிவனத்துக்கு வந்து சேர்ந்தோம்' என்பதிலுள்ள 'கு' உருபை எண்ணி 'ரீச்ட் டு' என்கிறோம். 'ரீச்' என்பதற்குத் துணைச்சொல் வேண்டியதில்லை. 'டிஸ்கஸ்' என்பதன்பின் 'அபவுட்' வருவதும் அத்தகையதே. 'சின்ஸ் த்ரீ டேஸ்' என்பது இன்னொரு பிழை. மூன்று நாளாகக் காய்ச்சல் என்று கால அளவைச் சொன்னால் 'ஃபார்'. திங்கட்கிழமையிலிருந்து என்று தொடக்கத்தைச் சொன்னால் 'சின்ஸ்'.

இந்நுட்பம் நமக்கு அந்நியமானதன்று. ஏழாம் வேற்றுமையை விளக்கும் தொல்காப்பியம், 'கண்' என்பதோடு மேல், கீழ், உள், புறம், முன், பின் முதலிய பல சொற்களையும் அடுக்கிக் காட்டுகிறது. ஆங்கிலம் அன்றாடம் கேட்கும் வேறுபாட்டை நாம் தேவைப்படும்போது மட்டும் சொல்கிறோம், அவ்வளவே.

பிறமொழி கற்போரின் இடர்ப்பாட்டை உணர்ந்தவர் வீரமாமுனிவர். இத்தாலியில் பிறந்து தமிழ் கற்ற அவர், பேச்சுத் தமிழுக்குரிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1728-இல் இலத்தீனில் எழுதினார். தமக்குப்பின் வரும் குருக்கள் தமிழை எளிதில் கற்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். அவர்கள் நம் உருபுகளைப் பெயரின் பின்னே வைத்துப் பழகியதுபோல, நாமும் அவர்தம் அண்டை மொழிச் சொற்களை முன்னே வைத்துப் பழகலாகாதா?

பழகும் முறை எளிது. முன்னிடைச்சொல்லைத் தனியே படிக்க வேண்டாம். 'அட் நைட்', 'இன் தி மார்னிங்', 'ஆன் சண்டே' எனத் தொடராகவே குறிப்பேட்டில் எழுதுங்கள். அன்றாடம் சென்றுவந்த வழியைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதி, உரக்கப் படியுங்கள். ஆங்கிலம் அறியாத தாயும் உதவலாம். குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ்த் தொடரை அவர் சொல்லட்டும். பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லட்டும். ஐயம் வந்தால் அகராதியைப் புரட்டுங்கள். தொடர்கள் எடுத்துக்காட்டுடன் அங்கே உள்ளன.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை தவறாகச் சொன்னால் பிறர் முன்னிலையில் நகைக்காதீர்கள். சொல்லி முடித்தபின் சரியான தொடரை ஒருமுறை மெல்லச் சொல்லிக் கொடுங்கள். பிழையோடு பேசும் பிள்ளை நாளடைவில் திருத்தமாகப் பேசும். பேசவே அஞ்சும் பிள்ளையைத் திருத்துவதற்கு நமக்கு வாய்ப்பே கிட்டாது.