வந்த கப்பலிலேயே திரும்பட்டும்!

"குப்பையைப் பற்றி எழுதுவதா நமது சங்க ஏட்டின் வேலை?" என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். வீட்டுமனைப் பட்டா, ரேஷன், கப்பல் டிக்கெட், தமிழ்வழிக் கல்வி என்று எத்தனையோ கோரிக்கைகள் இருக்கையில் குப்பைக் கூடைக்கு என்ன அவசரம்? நமது பதில் இதுதான்: குப்பையும் உழைப்பவன் பிரச்சினைதான்.

இத்தீவுகளில் நாம் வாங்கும் எண்ணெய், சோப்பு, மாத்திரை, பாட்டரி எல்லாம் சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் கப்பலேறி வருபவை. பொருள் தீர்ந்ததும் உறையும் டப்பாவும் இங்கேயே தங்கிவிடுகின்றன. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட நமது போர்ட் பிளேரின் குப்பை பல ஆண்டுகளாகப் புரூக்ஷாபாத்தில் போய்க் குவிந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் மண் இது. மீன் கழிவும் பாட்டரியும் ஒன்றாக நனைந்தால், ஊறி வழியும் கறுப்பு நீர் ஓடைக்கும் கடலுக்கும் போகாமல் வேறெங்கே போகும்? அந்தப் பள்ளத்தில் குடியிருப்பவன் பணக்காரனா?

மட்கும் குப்பை, மட்காத குப்பை, ஆபத்தான குப்பை என்று வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்க வேண்டும் என 2016ஆம் ஆண்டு மத்திய அரசின் விதிகள் கூறின. பிரிக்காவிட்டால் என்ன ஆகிறது? நாம் எறிந்த ஊசியும் உடைந்த டியூப் லைட்டும் துப்புரவுத் தொழிலாளியின் கையைக் கிழிக்கின்றன. நம்மைப் போலவே பிழைப்புத் தேடி வந்தவனின் கை அது. தொழிலாளர் ஒற்றுமை பற்றி மேடையில் முழங்கிவிட்டு, வீட்டு வாசலில் அவனுக்குக் காயத்தைக் கட்டிக் கொடுப்பது என்ன நியாயம்?

இது ஆகாத காரியமல்ல. கேரளத்து ஆலப்புழை நகரம் தன் குப்பையைப் பக்கத்துச் சர்வோதயபுரத்தில் கொட்டி வந்தது. 2012இல் அவ்வூர் மக்கள் திரண்டு வண்டிகளைத் தடுத்தார்கள். வேறு வழியின்றி நகரம் வீட்டுக்கு வீடு குழாய் உரமும் உயிரி எரிவாயுக் கலனும், தெருவுக்குத் தெரு உரத்தொட்டியும் அமைத்தது. பின்னர் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பே பாராட்டியது. மக்கள் கேட்டதால் வந்த மாற்றம் அது.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இரும்பும் அலுமினியமும் எடைக்கு விலை பெறுவதால் காயலான் கடை வழியாகக் கப்பலேறுகின்றன. இடத்தை அடைத்து எடையே இல்லாத பிளாஸ்டிக்குக்குக் கப்பல் கூலி கட்டுபடியாவதில்லை. ஆனால் நிறைந்து வரும் கப்பல்கள் திரும்பும்போது அந்த அளவுக்குச் சரக்கு ஏற்றுவதில்லை. முன்பு மரம் ஏறியது. 2002இல் உச்ச நீதிமன்ற ஆணையால் அதுவும் நின்றது. ரயில்வே சரக்குக் கணக்கு தெரிந்தவர்கள் நம்மில் உண்டு. வேகன்கள் காலியாகத் திரும்பும் திசையில் ஏற்றும் சரக்குக்கு ரயில்வே கட்டணச் சலுகை கொடுத்திருக்கிறது. ரயிலுக்கு முடிந்தது கப்பலுக்கு முடியாதா?

எனவே நாம் கேட்பது மூன்று. ஒன்று, பிரித்துத் தரும் பிளாஸ்டிக்கை அழுத்திக் கட்டும் இயந்திரம் ஒவ்வொரு பெரிய தீவிலும் வேண்டும். அந்தக் கட்டுகள் சலுகைக் கூலியில் கப்பலேற வேண்டும். இரண்டு, அந்தக் கூலியை உறை விற்ற கம்பெனிகளே தரட்டும்; உற்பத்தியாளர் பொறுப்பு என்பதை 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள் வலியுறுத்தியிருக்கின்றன. மூன்று, துப்புரவுத் தொழிலாளிக்குக் கையுறையும் காலணியும் வேலை நிரந்தரமும் வேண்டும். நாம் பிரித்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டினால் அதையும் கேட்போம்.

ஆனால் கேட்பவன் முதலில் தன் வீட்டைச் சரி செய்ய வேண்டும். காய்கறித் தோலும் மீன் கழிவும் மழை படாத மூடிய தொட்டியில், தேங்காய் நாரோடு உரமாகட்டும். பால் உறையைக் கழுவிக் காயவைத்துச் சேருங்கள். பாட்டரி, பல்பு, காலாவதி மாத்திரை, பூச்சிமருந்து டப்பா ஆகியவற்றைத் தனிப் பெட்டியில் வையுங்கள். சானிட்டரி நாப்கினைக் காகிதத்தில் சுற்றி அடையாளமிட்டுக் கொடுங்கள். எதையும் கொளுத்தாதீர்கள், பிளாஸ்டிக் புகை முதலில் நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள்தான் போகிறது.

நாம் பிரிக்காத குப்பைக்காக எந்தக் கப்பலையும் கேட்க முடியாது. பிரித்து வைத்துவிட்டுக் கேட்போம். அப்போது நிர்வாகம் பதில் சொல்லியே தீர வேண்டும்.