கருவி வந்தது, கைப்பழக்கம் வருமா?

கோல் மார்க்கெட் வட்டாரத்தில் சர்க்கார் குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஊரிலிருந்து குமாஸ்தா உத்தியோகத்துக்கு வந்து இறங்கிய இளைஞனுக்கு விதிப் புத்தகம் கிடைத்தது, டைப்ரைட்டரும் கிடைத்தது. ஆனால் ஃபைலில் எதை எப்படிக் குறிப்பெழுதுவது, எந்த வார்த்தையைப் போட்டால் அது திரும்பி வரும் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அறையில் உடன் தங்கிய மூத்தவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சொல்லிக் கொடுத்ததுதான் அவனைத் தேற்றியது.

அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறார்கள். அவர்கள் முன்னும் இதே நிலைமைதான் இருக்கிறது.

ஒரு சிப்புக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் அடங்குகின்றன. அவற்றைக் கையால் வரைய யாராலும் முடியாது. வரைவதும், இணைப்பதும், சோதிப்பதும் கம்ப்யூட்டர் மென்பொருளின் வேலை. இந்த மென்பொருளை விற்பதில் சினாப்ஸிஸ், கேடன்ஸ், சீமென்ஸ் ஆகிய மூன்று கம்பெனிகளே உலகில் முன்னணியில் இருக்கின்றன. விலையோ சாதாரணக் கல்லூரிக்கு எட்டாதது.

மத்திய சர்க்கார் இதை உணர்ந்திருக்கிறது. 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாயில் செமிகண்டக்டர் திட்டம் அறிவிக்கப்பட்டது. சிப் வடிவமைப்பில் 85,000 பேருக்குப் பயிற்சி தரத் தனித் திட்டமும் வந்தது. பெங்களூர் ஸி-டாக் நிலையத்தில் உள்ள 'சிப்-இன்' மையத்தின் மூலம் கல்லூரிகள் இந்த மென்பொருளைப் பயன்படுத்தலாம். மாணவர்கள் வரைந்த சிப்புகள் மொகாலியிலுள்ள செமிகண்டக்டர் லேபரட்டரியில் தயாராகின்றன. பாராட்ட வேண்டிய காரியம்.

ஆனால் கருவி வேறு, கைப்பழக்கம் வேறு. ஒரு வடிவமைப்பைச் சோதித்தால் மென்பொருள் நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகளைக் கொட்டுகிறது. எதை ஒதுக்கிவிடலாம், எது சிப்பையே பாழாக்கும் என்பது புதியவனுக்குத் தெரியாது. கையேடு ஒவ்வொன்றுக்கும் பொருள் சொல்லும். எது அவசரம் என்று சொல்லாது. சிப் தயாராகி வந்தபின் தவறு தெரிந்தால் ரப்பரால் அழிக்க முடியாது. பல மாதத்து உழைப்பு வீண். சென்ற வருஷம் அதே இடத்தில் இடறியவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

இந்தத் துறை வளர்ந்ததே அப்படித்தான். 1955-இல் அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்ப்யூட்டர்களைப் பயன்படுத்தியவர்கள் 'ஷேர்' என்று ஒரு சங்கம் அமைத்தார்கள். ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் மறுபடியும் செய்யக் கூடாது என்பதே அதன் நோக்கம். அச்சங்கம் 1964-இல் அட்லாண்டிக் சிட்டியில் நடத்திய கூட்டம்தான் இத்துறையின் பெரிய மாநாடாக இன்றும் தொடர்கிறது. 1970-களில் பெர்க்லி பல்கலைக்கழகம் 'ஸ்பைஸ்' என்ற மின்சுற்றுச் சோதனை மென்பொருளைத் தாராளமாகப் பகிர்ந்தது. அது உலகம் முழுவதும் பரவியது.

நம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. சிப் வடிவமைப்பாளர்கள் ஆண்டுதோறும் கூடும் மாநாடு 1985-இல் சென்னையில் சிறு பயிலரங்காகத் தொடங்கியதுதான். சென்னை ஐ.ஐ.டி. தன் 'சக்தி' பிராசசரின் வடிவமைப்பை எவரும் எடுத்துப் படிக்கும்படி வெளியிட்டது.

இதில் நாட்டின் நலனும் அடங்கியிருக்கிறது. 2025 மே மாத இறுதியில் சீனாவுக்கு இந்த மென்பொருளை விற்பதற்கு அமெரிக்கா கட்டுப்பாடு விதித்தது. ஜூலைத் தொடக்கத்தில் விலக்கிக் கொண்டது. குழாய் யார் கையில் இருக்கிறது என்பது அந்தச் சில வாரங்களில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. வாடகைக்கு வந்த கருவியை உடையவர் திரும்பக் கேட்கலாம். அதைக் கையாண்டு பெற்ற அனுபவத்தை யாரும் பறிக்க முடியாது. அதையும் அவரவர் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் மிஞ்சுவது என்ன?

கம்பெனி ரகசியம் வெளியாகிவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். உரிம ஒப்பந்தத்தையோ தொழிற்சாலை நம்பிக்கையோடு தந்த விவரத்தையோ மீறச் சொல்லவில்லை. எந்தப் பண்டத்தைச் செய்தோம் என்பது ரகசியமாக இருக்கட்டும். அடுப்பை எப்படி மூட்டினோம் என்பதில் என்ன ரகசியம்?

பொதுப் பணத்தில் மென்பொருள் பெறும் ஒவ்வொரு கல்லூரியும், தான் வென்ற கதையோடு தவறிய கதையையும் எழுதிப் பொதுவில் வைக்க வேண்டும் என்று சர்க்கார் நிபந்தனை விதிக்கலாம். தவறை ஒப்புக்கொண்டவருக்கு மதிப்பெண் குறையாது என்ற உறுதியும் வேண்டும்.

நொய்டாவிலும் பெங்களூரிலும் சிப் வேலையில் இருக்கும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதாவது சிறு கல்லூரியின் மாணவர்களோடு உட்காருங்கள். தமிழிலேயே சொல்லுங்கள். அன்று அறையில் மூத்தவர் ஒருவர் சொல்லிக் கொடுத்ததால்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் டில்லியில் கால் ஊன்றினார்கள். அந்தக் கடனை அடைக்க இதைவிட நல்ல வழி உண்டா?