பழநி ரோப் கார் கம்பியில் முடிச்சு எங்கே?

மதுரையிலிருந்து பஸ் பிடித்துப் பழநி அடிவாரம் போய்ச் சேர்ந்தால், 'பராமரிப்புப் பணி... இன்று ரோப் கார் இயங்காது' என்று போர்டு தொங்கும். 'இன்னைக்குத்தான் இவங்களுக்கு நாள் கிடைச்சுதா?' என்ற முணுமுணுப்போடு கூட்டம் விஞ்ச் வரிசைக்கு நகரும். 2004-ல் ஓடத் தொடங்கிய இந்த ரோப் காருக்கு மாதம் ஒரு நாளும், ஆண்டுக்கு ஒருமுறை தொடர்ச்சியாகப் பல நாள்களும் விடுமுறை. காரணங்களில் முக்கியமானது, பெட்டிகளை இழுக்கும் கம்பிவடம்.

மேலும் கீழும் உள்ள பெரிய சக்கரங்களைச் சுற்றி ஒரே வளையமாக ஓடுகிறது இந்த வடம். ஆனால், எந்த வடமும் ஆலையிலிருந்து வரும்போது இரண்டு முனைகளோடுதான் வரும். முடிச்சுப் போட்டால் சக்கரத்தில் ஏறாது. வெல்டிங் வைத்தால் சூட்டில் கம்பியின் பலம் போய்விடும். பிறகு எப்படி இணைப்பது?

அதற்குத்தான் 'ஸ்பிளைசிங்'. இந்த வகை வடங்களில் பொதுவாக, நடுத்தண்டைச் சுற்றி ஆறு புரிகள் முறுக்கப்பட்டிருக்கும். இரு முனைகளிலும் புரிகளைப் பிரித்து எதிரெதிரே கோப்பார்கள். ஒரு பக்கத்துப் புரியை எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் மறுபக்கத்துப் புரியைப் படுக்க வைப்பார்கள். புரிகள் சந்திக்கும் ஆறு இடங்களும் தள்ளித் தள்ளி அமையும். மிச்ச நுனிகள், நடுத்தண்டை எடுத்த இடத்துக்குள் செருகப்படும்.

பசை, ஆணி எதுவும் கிடையாது. உராய்வு ஒன்றே பிடிமானம். வடம் இழுபட இழுபட வெளிப்புரிகள் உள்ளே இருக்கும் நுனியை இன்னும் இறுக்கும். அதனால் இணைப்பின் நீளம்தான் உயிர். ரோப்வே வடங்களுக்கு விட்டத்தைப்போல 1,200 மடங்கு நீளம் வேண்டும் என்பது ஐரோப்பியத் தரவிதி. 20 மி.மீ. வடம் என்றால் 24 மீட்டர்!

வீட்டிலும் கவனம்!

மேலூர், உசிலம்பட்டி பக்கம் கிணற்றில் மோட்டார் இறக்க வயர் ரோப் பயன்படுத்துகிறீர்களா? அதில் முடிச்சுப் போடவே கூடாது. பலம் பாதியாகக் குறைந்துவிடலாம். நுனியை மடித்து, குறைந்தது மூன்று யு-கிளாம்ப் போடுங்கள். வளைந்த 'யு' பாகம் மடித்த குட்டை நுனியின் மேலும், பள்ளமுள்ள அடிப்பாகம் எடை தாங்கும் பக்கத்திலும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால், எடை தாங்கும் கம்பியையே 'யு' நசுக்கிவிடும். எடை ஏற்றிய பிறகு நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். புரியில் கம்பிகள் அறுந்து நீட்டிக்கொண்டிருந்தால், தயங்காமல் ரோப்பை மாற்றுங்கள்.

அடுத்த முறை அடிவாரத்தில் அந்த போர்டைப் பார்த்தால், சலித்துக்கொள்ள வேண்டாம். அன்று சோதிக்கப்படுவது நம் வீட்டுக் குழந்தைகள் ஏறும் கம்பி!